கழுவிய பீன்ஸ்

மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, டப்பாவைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள் அந்த அம்மாள். அப்புறம்தான், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த டின் ஓப்பனரைக் கையில் எடுத்தாள்.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த உப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

உப்பம்மா என்பது அவள் பெயரல்ல. நோயாளிகளுக்கு எதைத் தின்னலாம், எது ஆகாது என்று சொல்கிற ஆஸ்பத்திரி உத்தியோகம் அவளுக்கு. வாயைத் திறந்தாலே உப்பைக் குறைக்கச் சொல்வதால் ஒட்டிக்கொண்ட பட்டம். வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எப்போதாவதுதான்.

இந்த அம்மாள் டப்பா பீன்ஸைத் தவிர வேறு எதையும் வாயில் வைப்பதில்லை. கடைக்கு அவளே போன் போட்டு வரவழைக்கிறாள். கட்டிலுக்கு அடியில் அடுக்கிக்கொள்கிறாள். அவளே திறந்து, சூடுகூடப் பண்ணாமல், டப்பாவிலிருந்தே தின்கிறாள்.

"மாடிப்படியில விழுந்ததிலேருந்து இப்படித்தான் மேடம். என்னென்னமோ சொல்லுவா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார் அவளுடைய வீட்டுக்காரர், கதவோரம் நின்றபடி.

வேளாவேளைக்குச் சமைத்து வைக்கிறாராம். தட்டு அப்படியே திரும்பி வருகிறதாம். தங்கமான மனுஷன். நம் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே, வெந்நீர் வைக்கத் துப்பில்லாமல், என்று உப்பம்மா உள்ளுக்குள் பொருமினாள்.

அவர் டீ போட உள்ளே போனார்.

அதற்காகவே காத்திருந்தவள் போல அந்த அம்மாள் முன்னால் குனிந்தாள். "இத மட்டும் சாப்பிட்டா உயிரோட இருக்கலாமா?"

விசித்திரமான கேள்விதான். ஆனால் பீன்ஸைப் பற்றிக் கேட்டுவிட்டால் உப்பம்மாவை நிறுத்த முடியாது. காலி டப்பா ஒன்றை எடுத்து, லேபிளில் விரலை ஓட்டினாள். புரதம் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, இரும்பும் இருக்கிறது. டப்பாவில் அடைத்ததால் சத்தெல்லாம் ஓடிப்போய்விடும் என்பது சும்மா பேச்சு. மூடி வீங்காதவரை வருஷக்கணக்கில் கெடாது. அடைத்த பிறகு யார் கையும் படுவதில்லை.

கடைசி வாக்கியத்துக்கு அந்த அம்மாள் வேகமாகத் தலையாட்டினாள்.

ஆனால் உப்பு. உப்பம்மா அவளுடைய பாதத்தில் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இப்படியே போனால் ஒரு வருஷம் தாங்குவதே கஷ்டம் என்று கறாராகச் சொன்னாள். கொஞ்சம் பயம் காட்டினால்தான் வழிக்கு வருவார்கள்.

ஒரு வருஷம் என்றதும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. உப்பம்மாவுக்கு அது பிடிபடவில்லை. புத்தி பேதலித்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

காலடியில் ஒரு பூனை இன்னொரு காலி டப்பாவுக்குள் முகத்தை நுழைத்து நக்கிக்கொண்டிருந்தது. பூனைக்குச் சோறு வைக்கிற கிண்ணங்கள் இரண்டு இருந்தன. பூனை ஒன்றுதான்.

டீ வந்தது. உப்பம்மா குடித்துக்கொண்டே வழி சொன்னாள். உப்பெல்லாம் டப்பாவுக்குள் இருக்கிற தண்ணீரில்தான் இருக்கிறது. அதைக் கொட்டிவிட்டு இரண்டு தடவை நன்றாக அலசினால் கிட்டத்தட்டப் பாதி உப்பு போய்விடும். லேசாகச் சூடு பண்ணிக் கொடுங்கள், போதும்.

"அவ்வளவுதானே மேடம். நானே அலசிக் கொண்டாரேன்." அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த அம்மாள் இன்னும் திறக்காத டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நீங்க அலசித் தாங்க" என்றாள் உப்பம்மாவிடம்.

இது உப்பம்மாவுக்குத் தெரியாத வித்தையா? பார்த்துக்கொள்கிறவர்கள் கையாலேயே செய்து பழக வேண்டும், நாளைக்கும் அவர்தானே செய்யப்போகிறார். எத்தனை பேருக்கு இந்தப் பாடத்தைச் சொல்லியிருக்கிறாள். குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குவது போல விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டப்பாவை எடுத்தாள். கழுத்திலிருந்து ஓப்பனரையும் கழற்றினாள். இரண்டையும் அவரிடம் கொடுத்தாள்.

சமையலறையில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு பாத்திரத்தில் கரண்டி கலக்குகிற சத்தம். அலசியதை எதற்கு இத்தனை நேரம் கலக்க வேண்டும் என்று உப்பம்மாவுக்கு ஒரு கணம் தோன்றியது. வெண்ணெய் போடுகிறார் போலும்.

வெண்ணெய் மணக்க மணக்க, ஆவி பறக்கக் கிண்ணம் வந்தது. அந்த அம்மாள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். வீட்டுக்காரர் பாவமாக விழித்தார்.

உப்பம்மா கிண்ணத்தை வாங்கினாள். ஸ்பூனில் அள்ளி, ஊதி, அந்த அம்மாளின் வாயருகே கொண்டுபோனாள். "எனக்காக ஒரு வாய்ம்மா. நான் இருக்கேன்ல."

அந்த அம்மாள் அவளையே பார்த்தாள். அழவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் எல்லோரிடமும் சொல்லிச் சலித்துப்போன பார்வை அது. மெல்ல வாயைத் திறந்தாள்.

ஸ்பூனிலிருந்து ஒரு பீன்ஸ் நழுவித் தரையில் விழுந்தது.

பூனை ஓடி வந்தது. முகர்ந்தது. முதுகு மயிர் சிலிர்க்கப் பின்வாங்கி, காலி டப்பாவுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது.

இவ்வளவு நேரம் நக்கியதும் இதே பீன்ஸ்தானே என்று உப்பம்மா நினைத்தாள். பூனையைப் பார்த்தாள். தூசி படிந்த இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்தாள். சட்டென்று ஸ்பூனைப் பின்னுக்கு இழுத்தாள்.

நிமிர்ந்தபோது ஸ்பூன் காலியாக இருந்தது. அந்த அம்மாள் கண்ணை மூடி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க கையால சாப்பிடுறா பாருங்க" என்றார் வீட்டுக்காரர், கண்ணைத் துடைத்தபடி. "இன்னும் ரெண்டு வாய் குடுத்துடுங்க மேடம்."