இரண்டு மீட்டர் தள்ளி

“சத்தமா சொல்லு நார்மன், ஒண்ணும் காதுல விழல!”

வாசற்கதவில் சாய்ந்தபடி டோரீன் கத்தினார். நார்மன் கேட்டுக்கு வெளியே நடைபாதையில் நின்றிருந்தார். கொரோனா வந்ததிலிருந்து யார் வீட்டுக்குள்ளும் யாரும் போகக் கூடாது. இரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். சட்டம் போட்டவர்கள், கெஞ்ச வருகிறவன் காதோடு காதாகப் பேச ஒரு வழியும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஒரே ரோஜாச் செடிக்கு வெகுநேரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்னைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கணும்!” என்றார் நார்மன், தெருவுக்கே கேட்கும்படி. வெட்கத்தில் முகம் எரிந்தது.

“வேலையா? பஸ் எல்லாம் ஷெட்டுல தூங்குது. பிளாக்பூல் கடற்கரை டூருக்கு ஒரு கிழவிகூட வர்றதில்ல. உனக்கு எங்கப்பா போவேன் வேலைக்கு?”

“வேலை வேணாம். பேருக்குச் சேர்த்துக்கிட்டா போதும். பிப்ரவரி கடைசியில யார்கிட்ட இருந்தோமோ, அவங்க திரும்ப எடுத்து ஃபர்லோவுல, அதாவது சம்பளத்தோட கட்டாய லீவுல, போட்டா, முக்கால்வாசிச் சம்பளத்துக்கு மேலயே அரசாங்கம் குடுத்துடுமாம். இல்லன்னா நான் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான், டோரீன்.”

டோரீன் கையைக் கட்டிக்கொண்டார். “ஏழு வருஷம் என் பஸ்ஸை ஓட்டின. மார்ச் மாசம் வேலையை விட்டுப் போறப்போ பப்புல நாலு பேர் முன்னாடி என்ன சொன்ன? ஞாபகம் இருக்கா?”

இருந்தது. பீர் கொடுத்த தைரியத்தில் சொன்னது.

“சொல்லேன், கேப்போம்.”

“உங்க பஸ்ல ஏறி இறங்கினா... மேலெல்லாம் முட்டை சாண்ட்விச் நாத்தம்னு சொன்னேன்.”

பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது.

“அதோட விட்டியா? வருஷக்கணக்கா என்கூட வந்துட்டிருந்த முதியோர் சங்கத்தையே நீ போய்ச் சேர்ந்த புது பஸ் கம்பெனிக்கு ஓட்டிட்டுப் போயிட்ட. நான் உன்கிட்ட ஒரு சொல் கடுமையா பேசியிருப்பேனா?”

“இல்ல. தப்பு என்மேலதான்.” நார்மனுக்கு நிமிர்ந்து பார்க்கவே கூசியது. இந்த அம்மாள் நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

“சரி, நீ தேடிப் போன அந்தப் புது முதலாளி என்ன ஆனான்? அவனே உன்னை ஃபர்லோவுல போட்டிருக்கலாமே?”

“போட்டிருக்கலாம்தான், மார்ச் நடுவுக்குள்ள சேர்ந்தவங்களுக்கும் உண்டாம். ஆனா முதல்ல கைக்காசைப் போட்டுச் சம்பளம் குடுத்துட்டு, அப்புறம்தான் அரசாங்கத்துகிட்ட வாங்கணும். வண்டிக் கடன் அவன் கழுத்தை நெரிக்குது. அதான், வேலையே இல்லைன்னு அனுப்பிட்டான்.”

“எல்லாரையுமா?”

“மத்த ரெண்டு டிரைவரையும் ஃபர்லோவுல வச்சிக்கிட்டான். அவங்களுக்குச் சின்னச் சின்னக் குழந்தைங்க. கடைசியா வந்தது நான். நான் போறதுதானே முறை?”

“நல்லா இருக்கு உன் முறை! கூப்பிட்டுக்கிட்டுப் போனவன் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியிருக்கான், நீ அவனுக்கு வக்காலத்து வாங்குற. எப்படிச் சொன்னான்? போன்லயா?”

“நேர்லதான். ஞாயித்துக்கிழமை, சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்போ.”

“சாப்பிடுற மனுஷன்கிட்டயா!” டோரீன் படியிலிருந்து ஒரு அடி இறங்கி, சட்டம் ஞாபகம் வந்து திரும்ப ஏறினார். “அவனுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?”

“நல்ல பையன்தான். தொழிலுக்குப் புதுசு, பயந்துட்டான்.”

“பயந்தா வயசானவனைத் தெருவுல விடுறதா? சரி, உன் பையன் லண்டன்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கான்னு சொல்லுவியே, அவன்கிட்ட வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே?”

நார்மன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். “அந்த வேலையை விட்டுட்டான். அவனுக்கே இப்போ கஷ்டம். அவன்கிட்ட கேக்க முடியாது.”

டோரீன் கட்டிய கையைப் பிரித்தார்.

“சரி, போ. நாளைக்கே ஆடிட்டர்கிட்ட சொல்லி உன்னைச் சேர்த்துடுறேன். நீ பேசினதை ஒண்ணும் மறந்துடல. ஆனா ஏழு வருஷத்துல ஒரு கிழவியைக்கூட நீ வழியில விட்டுட்டு வந்ததில்ல. அதுக்காகச் செய்யறேன்.”

நார்மன் “நன்றி” என்று சொன்னது அவருக்கே கேட்கவில்லை. அதோடு நடையைக் கட்டியிருந்தால் வந்த காரியம் நல்லபடியாக முடிந்திருக்கும். கிளம்பத் திரும்பினார்தான். டோரீன்தான் விடவில்லை.

“இருந்தாலும் எனக்கு மனசு ஆறல நார்மன். அந்தப் பயலை விடு, சின்னவன். கூட உழைச்ச மனுஷனை இப்படித் தூக்கிப் போடறதுக்கு ஒருத்தர் வளர்த்து விட்டிருக்காரே, அந்த அப்பன் மூஞ்சியை ஒரு தடவை நேர்ல பாக்கணும்!”

நார்மன் நின்றார். பேசாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். இந்த அம்மாளிடம் இன்னொரு முறை ஒளித்து வைக்க மனம் வரவில்லை.

“பாத்துட்டுத்தான் இருக்கீங்க, டோரீன்.”