டெலக்ஸ் ஆபரேட்டர்

வளைகுடாவில், முசஃபா கம்பெனியில் மேனேஜரான மறுநாளே முத்துராமன் களையெடுப்பில் இறங்கினார். விசா வேலைகளைக் கவனிக்கும் வீரபாண்டி, எந்த விசா என்ன பதவிக்கு என்ற, பெயர்கள் இல்லாத பட்டியலை நீட்டினான்.

“ரெண்டாயிரத்து ஆறுல டெலக்ஸ் ஆபரேட்டரா? தந்தி மாதிரி சேதி அடிக்கிற அந்த மெஷினே போய்ச் சேர்ந்துடுச்சு. இவன் என்னய்யா பண்றான்?”

“அந்தக் காலத்துல எந்த விசா காலியோ அதுல ஆள் கொண்டாந்தாங்க சார். பார்க்கிற வேலை வேற...”

“கதை வேணாம். கேன்சல் பண்ணு. முப்பது நாள்ல ஊருக்குப் போகட்டும்.”

“பிள்ளைங்க இங்க படிக்குது சார்.”

“இரக்கப்பட்டா நிர்வாகம் நடக்காது” என்று சொல்லி, கையெழுத்தை நன்றாகச் சுழித்துப் போட்டார்.

வீரபாண்டி தாளை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான்.

“இன்னும் என்ன?”

“பாஸ்போர்ட் வேணும் சார்.”

“அவன்கிட்டப் போய்க் கேளு.”

“அவர்கிட்டதான் சார் கேக்குறேன். விசாவுல பதவி அரபியில இருக்கு, நீங்க படிச்சிருக்க மாட்டீங்க.”