தாவுகிற ஸ்வரம்

பெட்டி மறுபடியும் தவளை மாதிரிக் கத்தியது. கையிலிருந்த சால்டரிங் அயர்னை அதன் மேலேயே அழுத்தி உருக்கிவிடலாமா என்று காலித் ஒரு கணம் நினைத்தான்.

நயினார் கிடாரில் ஒரே ஒரு ஸ்வரத்தைத்தான் மீட்டியிருந்தான். கம்பி நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று எண்ணி, அதே ஸ்வரத்தைப் புல்லாங்குழலாகவோ ஷெனாயாகவோ வயலினாகவோ வெளியே விடுவது பெட்டியின் வேலை. அது ஒரு ஸ்தாயி மேலே தாவி, கீழே விழுந்து, நடுவில் எங்கோ விக்கியது.

"சவத்தத் தூரப் போடுல," என்றான் நயினார்.

இருவரும் கணேசபாண்டியன் அண்ணாச்சியின் ஆர்கெஸ்ட்ராவில் பதினோரு வருடமாக வாசிக்கிறவர்கள். நயினார் கிடார், காலித் கீபோர்டு; பாட்டில் வரும் புல்லாங்குழலும் ஷெனாயும் அதில்தான். செம்பூர் கல்யாணம், சுனாபட்டி கணபதி விழா என்று ஒரே டெம்போ வேனில் ஸ்பீக்கர்களுக்கு இடையே ஒடுங்கி உட்கார்ந்து போய் வருவார்கள். அவர்களுக்குள் பேச்சு எப்போதுமே குறைவுதான்.

ஏழு மாத வேலை இது. தாராவியில் கழித்துப் போட்ட போர்டுகளைக் கிளறி, ஐசி சில்லுகளைப் பிடுங்கி, இந்த மாடி அறையில் உட்கார்ந்து கட்டியது. பக்கத்துக் கொட்டகையில் பிளாஸ்டிக் உருக்கும் நாற்றமும் ஈயப் புகையும் சேர்ந்து நாக்கில் படிந்து, சோற்றில்கூட அந்த ருசிதான் வந்தது. கீபோர்டு உறையோடு கட்டிலுக்கடியில் கிடந்தது; கச்சேரிக்கு மட்டும் வெளியே வரும்.

அண்ணாச்சி மட்டும் உற்சாகமாக இருந்தார். அறுந்த கம்பிக்குப் பதில் கம்பி கேட்டாலே முகம் சுளிக்கிற மனிதர், கிடாரில் பொருத்த, கம்பியின் அதிர்வைப் பிடித்துப் பெட்டிக்கு அனுப்பும் உயர்ந்த பிக்கப் ஒன்றைக் கேட்காமலே வாங்கி அனுப்பியிருந்தார். எப்போது முடியும் என்று வாரம் தவறாமல் போனும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா ஹாலில் பெட்டியை மேடையேற்ற வேண்டும். சரியாக ஓடினால் இனி எல்லாக் கச்சேரிக்கும் அதுதான். சொதப்பினால் அதோடு மறந்துவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். வேறு யாரோ போட்ட மெட்டுகளை விரலால் நகலெடுத்தே நாற்பது வயதைத் தாண்டியவன் காலித். தான் செய்த ஒன்று ஒரே ஒரு முறையாவது மேடையில் ஒலிக்க வேண்டும் என்ற ஆசையை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

போனிலிருந்து சுத்தமான ஸ்வரத்தைக் கொடுத்தால் பெட்டி தவறே செய்யாது. கிடார் என்றதும் அதற்குப் புத்தி கெட்டுவிடும். ஒவ்வொரு முறையும் காலித் போர்டைப் பிரித்து, சரியாக இருந்ததையும் பிடுங்கி எறிந்து, புதிதாகக் கட்டினான். தன் கைகளைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது நயினாருக்குப் போன் வந்தது. சிக்னல் கிடைக்காமல் ஏணியில் இறங்கிக் கீழே போனான்.

ஒருவர் வாத்தியத்தை இன்னொருவர் தொடக்கூடாது என்பது ஆர்கெஸ்ட்ராவில் எழுதாத சட்டம். ஏழு மாதத்தில் காலித்தும் அதை மீறியதில்லை. இன்று வெறுப்பில் கிடாரை இழுத்து, கம்பிகள் மேல் உள்ளங்கையைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு கம்பியை இடித்தான்.

புல்லாங்குழல் சுத்தமாக எழுந்தது.

அடுத்த கம்பி, அதற்கடுத்தது. கிடார் பிடிக்கவே தெரியாத விரலுக்கு ஆறு கம்பியும் ஒழுங்காகப் பாடின. அவன் கிடாரை இருந்த இடத்திலேயே வைத்தான்.

நயினார் திரும்பி வந்ததும் காலித் இன்னொரு வாட்டி வாசிக்கச் சொன்னான். இந்த முறை பெட்டியில் பொருத்திய மீட்டரைப் பார்க்கவில்லை, நயினாரின் வலது கையைப் பார்த்தான்.

ஒரு கம்பியை மீட்டும்போது மற்றவற்றை உள்ளங்கை ஓரத்தால் அமுக்கி வைக்க வேண்டும். இரண்டு கம்பி சேர்ந்து அதிர்ந்தால் எதை எண்ணுவது என்று பெட்டிக்குத் தெரியாது. நயினாரின் உள்ளங்கை ஒரு நூல் அளவு மேலே எழும்பியது. பக்கத்துக் கம்பி மெல்ல அதிர்ந்தது. மறுபடி வாசித்தபோதும் அதே ஒரு நூல் அளவு.

காலித் நிமிர்ந்து நயினாரின் முகத்தைப் பார்த்தான். நோன்பு திறக்கத் தன்னோடு ஒரே தட்டில் கைவைத்தவன். பிடுங்கி எறிந்த போர்டு ஒவ்வொன்றையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன்.

"எத்தன நாளா இப்படிப் பண்ணுத?"

நயினார் கம்பியிலிருந்து கையை எடுத்தான். "மொதல்லேருந்தே."

"பொறாமையால? நா ஒரு சாமான் செஞ்சு, நாலு பேரு கைதட்டிருவாம்னா?"

நயினார் பெட்டியிலிருந்து கேபிளை உருவி, முழங்கையில் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றினான். காலித் அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம இது ஒழுங்கா ஓடிச்சின்னா, கீபோர்டுக்கு இனிமே ஆளே வேண்டாம்னு அண்ணாச்சி சொல்லிட்டாருல."