வெட்டுக்காயப் பூண்டு

கரும்பு வெட்டும்போது அரிவாள் சறுக்கி, காத்தவராயனின் கெண்டைக்காலை எலும்புவரை பிளந்துவிட்டது. அவன் மனைவி சின்னப்பொண்ணு சேலைத் தலைப்பைக் கிழித்து முட்டிக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நிற்கவில்லை. வரப்பு முழுக்க வெட்டுக்காயப் பூண்டு வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தது. கை நிறையப் பிடுங்கி, பூவோடு வாயில் போட்டு மென்று, காயத்தில் அப்பினாள். பச்சை விழுது நொடியில் சிவந்து வழுக்கி விழுந்தது. மறுபடி பிடுங்கினாள்.

"ஆம்புலன்ஸ் ஏரிக்கரை தாண்டிடுச்சாம்" என்றார்கள் கூட வெட்டியவர்கள்.

"வாய் கசக்குதா புள்ள?" என்று அவன் கேட்டான்.

"பேசாம இருய்யா. கண்ண மட்டும் மூடாத."

அவள் கைக்கு எட்டிய தூரம்வரை வரப்பு வெறும் மண்ணானது. தவழ்ந்து அப்பால் போய்ப் பிடுங்கி வந்தாள். தாடை வலித்தது. பச்சை எச்சில் கழுத்தில் வழிந்தது. அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர் குனிந்து அவன் கழுத்தில் விரல் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு அவள் தோளைத் தொட்டு, "நகருங்கம்மா" என்றார்.

வாய் நிறையத் தழையோடு அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் காட்டிவிட்டு, இன்னும் வேகமாக மென்றாள்.