எடுத்தவர் பெயர்

படம் எடுத்தவருக்கு மரியாதை கொடுப்பதில் இந்தியாவிலேயே முதல் பத்திரிகை, ஓசூர் சிப்காட்டில் ஒரு கியர் கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சடிக்கும் எட்டுப் பக்க இதழ்தான்.

சந்தேகமே வேண்டாம். அதன் ஆசிரியர், ஹெச்.ஆர். பிரிவு கமலக்கண்ணனே சொன்னது.

கேன்டீன் சாம்பார் அண்டாவின் படத்துக்குக் கீழேகூட எடுத்தவர் பெயர் இருக்கும். பக்கத்துக் கம்பெனி இதழில் ‘நன்றி: இணையம்’ என்று பார்த்துவிட்டால், “இணையம்னா யாரு, இவங்க சித்தப்பாவா?” என்று அறையே அதிரச் சிரிப்பான்.

இந்த முறை அட்டைக்கு, அசெம்பிளியில் வேலை செய்யும் லாவண்யா ஒரு படம் அனுப்பியிருந்தாள். எண்ணெய் வழியும் இரண்டு கைகள். நடுவே ஒரு பல்சக்கரம். பற்களின் இடுக்கில் வெயில்.

எடுத்தவர் பெயர் இல்லை.

இவ்வளவு அழகு நம் கம்பெனியில் கிடையாது என்பதில் கமலக்கண்ணனுக்கு உறுதி. கூகுளில் போட்டுத் தேடினான். எங்கும் இல்லை. சந்தேகம் முற்றியது. யாருக்கும் அகப்படாத இடமாகப் பார்த்துச் சுட்டிருக்கிறாள்.

டீ இடைவேளையில் கூப்பிட்டான்.

“எந்த சைட்டுலம்மா சுட்டே?”

“சுடலீங்க சார். பேரில்லாமயே போட்டுக்குங்களேன்.”

“பேரில்லாம போட இது என்ன மொட்டக் கடுதாசியா? உண்மையச் சொல்லு, இல்லன்னா மேனேஜர்கிட்ட போவேன்.”

லாவண்யா கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“மணிமேகலை அக்கா கைங்க சார். மூணாவது லைன்ல. நாந்தான் எடுத்தேன்.”

கமலக்கண்ணனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ‘படம்: லாவண்யா’ என்று கொட்டை எழுத்தில் அடித்தான்.

அடித்து நிமிர்ந்தபோதுதான் அவள் கையிலிருந்த செல்போனைக் கவனித்தான். கேமராவின் மேல் சிவப்பு ஸ்டிக்கர். ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது.

உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று, தொழிலாளிகளின் போனில் மட்டும் கேட்டில் செக்யூரிட்டி தினமும் ஒட்டுவது. உள்ளே அதைப் பிரித்தால் அன்றைக்கே வேலை போகும். போன மாதம் அப்படிப் போன இரண்டு பேருக்கும் கடிதம் அடித்தவனே இவன்தான்.

மேனேஜர் பரமசிவம் கதவில் தலையை நீட்டினார். அங்கிருந்து திரையில் படம் தெரிந்தது. பெயரை மட்டும் கமலக்கண்ணனின் தோள் மறைத்திருந்தது.

“கவர் போட்டோ பிரமாதம்ப்பா. யாரு எடுத்தது?”

லாவண்யா போனைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

கமலக்கண்ணன் பேக்ஸ்பேஸை அழுத்தினான். அவள் பெயரின் நான்கு எழுத்தும் போகும்வரை விரலை எடுக்கவில்லை.

“நெட்ல கெடச்சது சார்” என்றான்.

பிறகு, இருப்பதிலேயே சின்ன எழுத்தாகப் பார்த்து, ‘நன்றி: இணையம்’ என்று அடித்தான்.