வளர்ந்த பக்கம்

அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். கணவரும் தம்பியும்.

ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய உறையைத் தம்பி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.

வயிறு அவளுடையது. படம் அவனுடையது.

நீர்க்கட்டி என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். கல்லீரலில் சின்ன நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை.

நம்பினாள். கணவர் சாத்துக்குடி உரித்து, கொட்டை எடுத்து, தட்டில் வைத்து நீட்டியபோதுகூட நம்பினாள்.

வருஷக்கணக்காகப் பேசாத நாத்தனார் நெய்மீன் குழம்போடு வாசலில் வந்து நின்றபோது புரிந்துவிட்டது.

நீர்க்கட்டிக்கு யாரும் இவ்வளவு அன்பாக இருக்க மாட்டார்கள்.

அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. போன மாதம் விலாவில் ஊசி நுழைத்து ஏதோ செய்தார்கள். நீர் எடுக்கிறார்கள் என்றார் கணவர். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை ஒரு விரலால் காட்டினார். மேலே எழுதியிருந்ததை மற்ற விரல்கள் மறைத்திருந்தன.

டாக்டரின் அறையில் ஏசி பழுது. கதவைத் திறந்து, ஒரு மருந்துப் பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தம்பியின் குரல் வெளியே வந்தது.

"வளந்துட்டு டாக்டர். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நானும் அத்தானும் பாத்தோம். இந்தப் பக்கம் முந்தி கொஞ்சூண்டுதான் இருந்துச்சு. இப்ப பாருங்க. இதுல போயி கத்தி வச்சா உடம்பு பூரா பரவிரும். ஆபரேசன் வேண்டாம். இருக்கற வரைக்கும் அக்காவ நிம்மதியா வச்சுக்கிடுதோம்."

இருக்கிற வரைக்கும்.

அவள் எழுந்தாள்.

பாளையங்கோட்டையில் பாதிப் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். எதிரே லாரி வந்தால் முதல் நாள் எல்லோரும் ஒன்றைத்தான் செய்வார்கள். கண்ணை மூடிக்கொள்வார்கள். பின்னால் உட்கார்ந்து அவள் கத்துவாள். கண்ணத் தொற. நீ மூடிக்கிட்டது லாரிக்காரனுக்குத் தெரியுமா?

உள்ளே இரண்டே நாற்காலிகள். தம்பியின் பக்கத்தில் போய் நின்றாள். சின்ன வயதுப் பழக்கம், அவன் எழுந்துவிட்டான்.

உட்கார்ந்தாள்.

கணவர் படங்களை மேசைமேல் அவசரமாகக் கவிழ்த்தார்.

டாக்டர் மெர்லின் அவளைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். எல்லாம் சொல்லியாயிற்று என்றீர்களே, என்று கேட்டார். தம்பி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

"தெரியும் டாக்டர். இவங்க சொல்லத்தான் இல்ல," என்றாள் அவள். "எனக்குக் காட்டுங்க. நான் பாக்கணும்."

டாக்டர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

கறுப்பும் சாம்பலுமாக, குறுக்கே வெட்டி வைத்த அவள்.

பேனா முனை ஓரிடத்தில் நின்றது. எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு இருட்டு. புற்று என்றார் டாக்டர். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வேறு பெயர் வைக்கவில்லை.

அவள் கண்ணை மூடவில்லை.

பேனா மறுபக்கம் நகர்ந்தது. தம்பி பயந்த பக்கம்.

கட்டி இருக்கும் பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயைத்தான் போன மாதம் அடைத்தோம் என்றார் டாக்டர். அந்த ரத்தமெல்லாம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் இதுதான் முழு வேலையையும் பார்க்கவேண்டும். முன்பு இருந்த அளவில் இதனால் அது முடிந்திருக்காது. இது வளரட்டும் என்றுதான் கத்தி வைக்காமல் காத்திருந்தோம்.

"வளந்தது நோய் இல்லம்மா. உங்க ஈரல்."

கத்தி பட்டால் பரவும் என்றதற்கும் பதில் சொன்னார். கட்டியில் கத்தி படாது. சுற்றியிருக்கும் நல்ல ஈரலோடு சேர்த்துத்தான் அதை எடுப்பார்கள். ஆபத்தே இல்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அவள் நெஞ்சுக்குழிக்குக் கீழே கை வைத்தாள்.

வீட்டில் எல்லோரும் படு, படு என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், உள்ளே ஒன்று யாரையும் கேட்காமல் வளர்ந்திருக்கிறது.

எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட்டு, என்று தம்பி மெல்ல இழுத்தான்.

"எப்ப வந்து படுக்கணும் டாக்டர்?" என்று கேட்டாள்.

வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் அவளுடைய ஸ்கூட்டர் வெயிலில் நின்றது. நீர்க்கட்டி வந்ததிலிருந்து கணவர்தான் ஓட்டினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கையை நீட்டினாள்.

அவர் சாவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கொடுத்தார்.

அவருடைய உயரத்துக்கு நிமிர்ந்திருந்த கண்ணாடியை அவள் தனக்குத் தக்கபடி இறக்கினாள். பின்னால் ஏறி உட்கார்ந்தவரின் முகம் அதற்குள் வந்தது.

கண்களை இறுக மூடியிருந்தார்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். எஞ்சின் உறுமியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் வழிகேட்டு ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார்.

அவர் கண்ணைத் திறக்கும்வரை அவள் நகரவில்லை.