பின்னால் ஒரு குரல்

மட்டாஞ்சேரியில் பழைய மிளகு குடோன் ஒன்றுதான் அழகரின் ஸ்டூடியோ. தன்யா பாடும் நாட்டுப்புற ராக் ஆல்பத்தில் ஏழு பாட்டு முடிந்துவிட்டது. ஏழிலும் அவள் குரலுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் மெல்லக் கூடவே பாடியது.

அழகர் மைக்கை மாற்றினார். ஜன்னலில் மெத்தையை வைத்து அடைத்தார். குரல் போகவில்லை.

“குடோன்ல பேய் உண்டோ, சேட்டா?” என்று சிரித்தாள் தன்யா.

“பேய்க்குச் சுருதி இவ்வளவு சுத்தமாவா இருக்கும்? வேற ஆள் குரல் கேட்டா கம்பெனி ஆல்பத்தைத் திருப்பி அனுப்பிடும்மா.”

எட்டாவது பாட்டின் பாதியில் அழகர் சத்தமில்லாமல் கதவைத் திறந்தார். எப்போதும்போல் பதிவு அறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, தன்யா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த கையில் செல்போன். அந்தக் குரல் அதிலிருந்துதான் வந்தது.

கண் திறந்து அழகரைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினாள்.

“என் வீட்டுக்காரர் ஸ்ரீநாத். எட்டும் அவர் எழுதின பாட்டு. மெட்டு மறக்காம இருக்க ஃபோன்ல பாடி வெச்சார். ஸ்டூடியோவுக்கு நாள் குறிச்ச வாரமே தவறிட்டார்” என்றாள். “அழிச்சிடுவீங்களா, சேட்டா?”

அழகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

“முதல்லேருந்து பாடலாம்மா. ஃபோனை இன்னும் கொஞ்சம் மைக் பக்கமாப் பிடி.”